கல்வெட்டை போட்டோ எடுக்கும்போது 'ஆட்டோ மோட்' ஏன் ஆபத்து? அரச்சலூர் இசைக் கல்வெட்டு சொல்லும் பாடம்! முழு விவரம்

ஈரோடு மாவட்டம் அரச்சலூரில் நாகமலை என்றொரு குன்று இருக்கிறது. அங்குள்ள குகைப் பாறையில் த, தை, தா, தே என்ற எழுத்துகள் ஐந்து வரிசை, ஐந்து பத்தி எனக் கட்டம் போட்டது போல வெட்டப்பட்டிருக்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே மாதிரி வரும். தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ள இதைத்தான் 'இசைக் கல்வெட்டு' என்கிறார்கள். கொங்கு வரலாற்று ஆய்வாளர் புலவர் செ.இராசு வெளியுலகுக்குக் கொண்டுவந்த கல்வெட்டு இது.

இப்படிப்பட்ட கல்வெட்டை ஒரு போன் எடுத்து கிளிக் பண்ணினால் போதாதா? போதாது. ஏன், எப்படி எடுக்க வேண்டும் என்று பார்ப்போம்.

ஒரு சின்னக் கோட்டில் அப்படி என்ன இருக்கு?

தமிழ்ப் பிராமியில் 'த' எழுத்தின் வலப்பக்கம் சிறு கோடு போட்டால் 'தா'. இடப்பக்கம் போட்டால் 'தே'. இடப்பக்கம் இரண்டு கோடு என்றால் 'தை'. அதாவது இரண்டில் ஒரு கோடு தெரியாமல் போனால் 'தை' என்பது 'தே' ஆகிவிடும். இரண்டும் தெரியாவிட்டால் வெறும் 'த'தான் மிஞ்சும். தாளமே மாறிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கோடுகள் படுக்கை வாட்டில் இருப்பவை. வெளிச்சமும் பக்கவாட்டில் இருந்து வந்தால் கோட்டோடு சேர்ந்தே ஓடும்; நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் படத்தில் கோடு இல்லை. அதே வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழுந்தால் கோடு பளிச்சென்று தெரியும். கல் ஒன்றுதான், வெளிச்சம் மாறினால் வாசிப்பே மாறலாம்.

இதற்கு என்ன தீர்வு?

இரண்டு முறைகள் இருக்கின்றன.

முதலாவது, போட்டோகிராமெட்ரி. ஒரு பொருளைப் பல இடங்களில் இருந்து படம் எடுத்து, கம்ப்யூட்டர் மூலம் அளவு பிசகாத முப்பரிமாண மாடல் உருவாக்குவது. இதில் கேமரா நகரும். வெளிச்சம் மாறக் கூடாது.

இரண்டாவது, போட்டோமெட்ரிக் முறை. இதில் கேமரா அசையாது. வெளிச்சத்தை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் படம் எடுக்க வேண்டும். பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மென்பொருள் கணக்கிடும். ராபர்ட் வுட்ஹாம் என்ற ஆய்வாளர் 1980-இல் இதற்கு அடித்தளம் போட்டார். 2001-இல் எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு இதே வழியில் ஒரு முறையை வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஆர்டிஐ'. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லை, இது வேற ஆர்டிஐ! படம் எடுத்து முடித்த பிறகும் திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் விதி ஒன்றே: மாற வேண்டியது ஒன்று மட்டும் மாறணும். மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டும்.

ஆட்டோ மோட் என்ன செய்கிறது?

ஒவ்வொரு கிளிக்கிலும் கேமரா தானாக முடிவெடுக்கிறது. இருட்டான பக்கம் திரும்பினால் வெளிச்சத்தைக் கூட்டும். வெயில் பட்ட பக்கம் குறைக்கும். நிறத்தை மாற்றும், ஃபோகஸை நகர்த்தும். நம் கண்ணுக்கு ஒவ்வொரு படமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கல்லில் உள்ள ஒரே புள்ளி பத்துப் படத்தில் பத்து விதமாகப் பதிவாகும். கல்லின் சாய்வு மாறியதா, கேமரா செட்டிங் மாறியதா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதான் சிக்கலே.

கேமராவை எப்படி செட் பண்ணணும்?

* மோட்: முழு மேனுவல். அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றும் முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரை ஒன்றே.

* அப்பெர்ச்சர்: எஃப் 8 முதல் எஃப் 11 வரை. இதைவிட ரொம்ப மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் படத்தின் கூர்மை குறையும்.

* ஐஎஸ்ஓ: 100. குகைக்குள் வெளிச்சம் போதாதென்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டாமல் ட்ரைபாடில் வைத்து ஷட்டர் நேரத்தைக் கூட்டுங்கள். கை படாமல் இருக்க 2 விநாடி டைமர் போடலாம்.

* லென்ஸ்: ஜூம் ஆகாத லென்ஸ் நல்லது. ஜூம் லென்ஸ்தான் இருக்கு என்றால், ஓர் அளவில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். ஃபோகஸையும் ஒருமுறை சரி செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

* ஒயிட் பேலன்ஸ்: ஆட்டோ வேண்டாம். நிற அட்டையை முதல் படத்தில் வைத்து எடுத்தால் பின்னால் நிறத்தைச் சரிபார்க்கலாம்.

* ஃபைல்: ரா. ஜேபெக் ஃபைலில் கேமராவே பிரகாசத்தை வளைத்து, கூர்மையைக் கூட்டித்தான் தரும். வெளிச்சத்தின் அளவை வைத்துக் கணக்குப் போடும் போட்டோமெட்ரிக் முறைக்கு அது ஆகாது.

* ஆஃப் பண்ண வேண்டியவை: ஆட்டோ ரொட்டேட், லென்ஸ் கரெக்ஷன். ட்ரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷனும் வேண்டாம்.

முப்பரிமாண மாடலுக்கு...

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 60 முதல் 80 சதவீதம் வரை பொதுவான பகுதி இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பினால் ஆழம் கிடைக்காது. ஆள்தான் நகர வேண்டும். அளவுகோல் ஒன்றைக் கல்லின் பக்கத்தில் வைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மாடல் வரும், எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியாது.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் கிடைத்தது போன்ற எழுத்துப் பொறித்த பானை ஓடுகளுக்கு வேறு வழி உண்டு. ஓட்டைச் சுழலும் தட்டில் வைத்து, கேமராவை நிறுத்திவிடலாம். ஆனால் பின்னணி ஒரே நிறத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். வெளிச்சமும் மென்மையாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவ வேண்டும். இல்லாவிட்டால் ஓடு சுழலும்போது நிழலும் இடம் மாறும்.

ஆர்டிஐ முறைக்கு...

ட்ரைபாடில் கேமராவை அசையாமல் பொருத்துங்கள். பளபளப்பான கறுப்புக் கோலி அல்லது பந்து ஒன்றை எழுத்தின் ஓரத்தில் வையுங்கள். அதன் மேல் தெரியும் ஒளிப்புள்ளியை வைத்துத்தான் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை மென்பொருள் கண்டுபிடிக்கும். விளக்கை ஒரு குடை வடிவில், தாழ்வான கோணத்தில் இருந்து உயரம் வரை நகர்த்தி 30 முதல் 60 படங்கள் எடுக்கலாம். விளக்கின் தூரம் மாறாமல் இருக்க ஒரு நூலைக் கட்டி அளந்துகொண்டால் போதும். படம் எடுக்கும் பரப்பின் அளவைப் போல மூன்று, நான்கு மடங்கு தூரம் சரியாக இருக்கும்.

போன் மட்டும்தான் இருக்கு, என்ன செய்ய?

'ப்ரோ' மோடுக்குப் போய் மேலே சொன்னவற்றைப் பூட்டுங்கள். எச்டிஆர், பியூட்டி, ஏஐ எல்லாவற்றையும் ஆஃப் பண்ணிடுங்க. இவை பல படங்களைக் கலந்து ஒன்றாக்கித் தருபவை அல்லது பார்க்க அழகாக இருக்க படத்தைத் திருத்துபவை. முக்கியமாக, ஒரே லென்ஸில் நில்லுங்கள். ஜூம் செய்தால் போன் சத்தமில்லாமல் வேறு லென்ஸுக்குத் தாவிவிடும்.

கொங்கில் எப்போது எடுக்கலாம்?

திறந்தவெளி நடுகல் என்றால் மேகமூட்டமான நாள் முப்பரிமாண மாடலுக்கு ஏற்றது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் ட்ரைபாட் ஆடும். அடியில் பை நிறைய கல் கட்டித் தொங்கவிடுங்கள். ஆர்டிஐ முறைக்கு வெயில்தான் எதிரி. பொழுது சாய்ந்த பின் எடுப்பது நல்லது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

கரூர் மாவட்டம் புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேரல் இரும்பொறை மரபு அரசர்களின் பெயர்களைச் சொல்கிறது. சங்க இலக்கியம் பேசும் சேரர்களுக்குக் கல்லில் கிடைத்த சாட்சி அது. அந்தச் சாட்சி சில எழுத்துகளை நம்பித்தான் நிற்கிறது. கல் வெயிலிலும் மழையிலும் தேய்கிறது. ஊர்ப்புறத்து நடுகற்கள் மேல் எண்ணெயும் சுண்ணாம்பும் பெயின்ட்டும் ஏறுகின்றன. ஈரத்தாளை ஒற்றி அடித்து மை பூசி எடுக்கும் மைப்படி இன்றும் பயன்படுகிறது. ஆனால் பொரிந்துபோன கல்லில் அதைச் செய்தால் கல்லே உதிரலாம். படம் கல்லைத் தொடாது.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தீட்டுவதோ, எண்ணெய் தடவுவதோ, தேய்த்துக் கழுவுவதோ கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் ட்ரைபாட், விளக்கு கொண்டுபோகும் முன் தொல்லியல் துறையிடம் அனுமதி கேளுங்கள். ரா ஃபைல்களை இடம், தேதி எழுதி, இரண்டு இடத்தில் சேமியுங்கள். அடுத்த ஐம்பது வருஷத்தில் அந்தக் கோடு கல்லில் தேய்ந்துபோனாலும், அது 'தே'யா 'தை'யா என்று சரிபார்க்க அந்த ஃபைல் இருக்கும்.