எலும்புக்கும் ஒரு பி.டி. பீரியட்

முப்பது வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதியவள் நான். ஓய்வுபெற்ற பிறகு எடுத்த எலும்பு ஸ்கேனில் மைனஸ் 2.1 என்று வந்தது. வீட்டைவிடத் தெருதான் அதிகம் பதறியது. "பி.டி. டீச்சருக்கேவா?" என்றார்கள். ஏன் வராது? மைதானத்தில் ஓடியதெல்லாம் பிள்ளைகள். நான் ஓரமாக நின்று விசில் ஊதினேன். போதாக்குறைக்கு எங்கள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவள். பெற்றவர்களில் ஒருவருக்கு இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் டீச்சர். சாப்பாடு, உடற்பயிற்சி, கீழே விழாம இருக்கது, இந்த மூணையும் ஒழுங்காப் பாருங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம்" என்றார். மாத்திரை வேண்டாம் என்று சொன்னதுமே, சும்மா இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். மாத்திரை இல்லாத வைத்தியத்தில் வேலை முழுக்க நம் தலையில்தான் விழுகிறது.

மைனஸ் 2.1 என்றால் என்ன?

இந்த ஸ்கேனுக்கு டெக்ஸா என்று பெயர். மேஜையில் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்தால் போதும். ஊசி கிடையாது, எக்ஸ்ரே கதிரும் மிகக் குறைவு. இடுப்பையும் கீழ் முதுகெலும்பையும் அளக்கிறார்கள். ஆரோக்கியமான இளம் பெண்ணின் சராசரியைப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து நாம் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று பார்க்கிறார்கள். மைனஸ் 1 வரை இயல்பு. அங்கிருந்து மைனஸ் 2.5 வரை ஆஸ்டியோபீனியா, அதாவது எலும்பு மெலிவின் தொடக்கம். மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழேயும் ஆஸ்டியோபோரோசிஸ். 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது.

எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவுகட்டுவதில்லை. வயது, முன்பு ஏற்பட்ட முறிவு, நீண்ட நாள் ஸ்டீராய்டு, புகை, மது எல்லாம் கணக்கில் சேரும்.

எலும்பு கல் மாதிரி அப்படியே கிடப்பதில்லை. ஒரு பக்கம் பழசை இடிக்கிற ஆட்கள், மறுபக்கம் புதிதாகப் பூசுகிற கொத்தனார்கள் என்று உள்ளே எந்நேரமும் வேலை நடக்கிறது. வருஷத்துக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதுப்பிக்கப்படுகிறது. இடிக்கிற ஆட்களை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அது குறைந்துவிடும். இடிப்பு வேகமாகும், பூச்சு பின்தங்கும். முதல் ஐந்தாறு வருஷம் இழப்பு மிக அதிகம். நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே இது தொடங்கிவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இன்னும் முன்னதாகவே.

இத்தனையும் வலியில்லாமல் நடக்கும். முதுகெலும்பு நொறுங்கினால்கூட மூன்றில் இரண்டு பேருக்குத் தெரிவதில்லை. "வயசானா முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். ஆனால் துணிமணி காட்டிக்கொடுத்துவிடும். எப்போதும் கட்டுகிற சேலை தரையில் இழுபடும். பழைய ஜாக்கெட் முதுகில் தூக்கிக்கொண்டு முன்பக்கம் தொளதொளக்கும். இளவயது உயரத்தைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாரம் கேட்கும் எலும்பு

எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று 1892-ல் எழுதிவைத்தார் யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் பாரமே இல்லை. அங்கே மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குமேல் இடுப்பெலும்பின் அடர்த்தி கரையும். அதனால்தான் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மைனி கேட்டார்: "டீச்சர், நான் தினமும் காலைல வ.உ.சி. மைதானத்தை நாலு சுத்து சுத்துதேன். ரெண்டு டம்ளர் பால் குடிக்கேன். இதுக்கு மேல என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"நடக்கது நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது மைனி. அதை விட்றாதீங்க. ஆனா எலும்புக்கு அது பத்தாது" என்றேன்.

நடை, கால் எலும்புக்கு ஏற்கெனவே பழகிய பாரம். இருப்பதைக் காக்க ஓரளவு உதவும், கூட்டித் தராது. சைக்கிளும் நீச்சலும் உடம்புக்கு நல்லவைதான், ஆனால் எலும்பின்மேல் பாரம் ஏற்றுவதில்லை. எலும்பை உசுப்ப, பழக்கமில்லாத எடையோ சின்ன அதிர்வோ வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். 2018-ல் வெளியான லிஃப்ட்மோர் என்ற அந்த ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த 101 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பாதி வாரத்துக்கு இரண்டு முறை, அரைமணி நேரம், நல்ல கனமான எடையைத் தூக்கியது. மறுபாதி வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தது. எட்டு மாதத்தில் எடை தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அடிபட்டது என்று பார்த்தால், ஒருவருக்கு வந்த சிறு முதுகுப் பிடிப்பு மட்டும்தான். ஆனால் அவர்கள் பக்கத்திலேயே பயிற்சியாளர் நின்றார், எடையைப் படிப்படியாகத்தான் கூட்டினார். இதைப் படித்துவிட்டு நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்கப் போகாதீர்கள்.

விளக்குமாற்றுக் கம்பு

எங்கள் மொட்டைமாடியில் சாயங்காலம் கூடும் பெண்களுக்கு நான் முதலில் எடையைக் கொடுப்பதில்லை, கம்பைக் கொடுப்பேன். விளக்குமாற்றுக் கம்பை முதுகோடு சேர்த்து நெட்டுக்குத்தலாகப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, தோள்பட்டைகளின் நடுப்பகுதி, பிட்டத்தின் மேல்பகுதி ஆகிய மூன்று இடமும் கம்பைத் தொட வேண்டும். இப்போது முழங்காலை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். எந்த இடமாவது கம்பைவிட்டு விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். முதல் நாள் எல்லோருக்குமே பின்மண்டை விலகிவிடும். வாழ்நாள் முழுக்க முதுகை வளைத்தே வாளியைத் தூக்கிப் பழகிய உடம்பு வேறென்ன செய்யும்?

இடுப்பை மடக்கி முதுகை நேராக வைக்கும் இந்த வித்தை கைவந்த பிறகுதான் எடை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைப் பாதி தண்ணீரோடு தொடங்கி, பழகப் பழக நிரப்பிக்கொள்ளலாம். கூடவே, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்திச் சட்டென்று இறக்குவது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதும் உண்டு; பால் பொங்கும் நேரம் அதற்குப் போதும்.

ஏற்கெனவே ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனியும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்து 1984-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குக் காரணம். முதுகெலும்பு மெலிந்த பெண்களில், குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நொறுங்கியது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது. ஆகவே பாதஹஸ்தாசனம், பஸ்சிமோத்தானாசனம் இரண்டையும் விட்டுவிட்டு, ஆசிரியரைக் கேட்டு நிமிர்கிற ஆசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். யோகா வகுப்பில் சேரும்போதே ஸ்கேன் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

விழாமல் இருப்பதும் வைத்தியம்தான்

இடுப்பெலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை கீழே விழுவதால்தான், அதிலும் பக்கவாட்டில் விழுவதால்தான் வருகின்றன. எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும், விழாதவருக்கு இடுப்பு முறிவது அரிது. அதனால் எங்கள் வீட்டில் முதலில் போனது, அடுப்படி வாசலில் கிடந்த பழந்துணிக் கால்மிதி. அடுத்து, தேய்ந்து வழுவழுத்த ரப்பர் செருப்பு. குளியலறைச் சுவரில் கைப்பிடி வந்தது. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் இரவு விளக்கு எரிகிறது. கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்க மாத்திரையோ, எழுந்ததும் தலைசுற்ற வைக்கும் பிரஷர் மாத்திரையோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தட்டில் என்ன?

ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன அளவின்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. பெரிய எண்ணாகத் தெரியும், பிரித்துப் பார்த்தால் எட்டிவிடும். இரண்டு டம்ளர் பாலில் சுமார் 480. ஐம்பது கிராம் கேப்பை மாவில் 170-க்கு மேல். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் நூற்றுக்கு மேல். ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று சேர்த்தால் கணக்கு நெருங்கிவிடும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் உடம்பு சரியாக உறிஞ்சாது, பிரித்துச் சாப்பிட வேண்டும். பாலக்கீரையை இதில் சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எள்ளில் உள்ள கால்சியம் நல்லெண்ணெய்க்கு வராது, செக்கில் புண்ணாக்கோடு நின்றுவிடும். "உளுந்தங்களி தின்னா இடுப்பெலும்பு இரும்பாகும்" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. உளுந்தில் கால்சியம் சுமார்தான், ஆனால் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. எலும்பின் சட்டகமே புரதம்தான். அதைத் தாங்கும் தசைக்கும் அது வேண்டும். வயதானதும் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகும். ஊறுகாயும் கருவாடும் தொட்டுக்கொள்ள மட்டும் இருக்கட்டும். வெற்றிலையோடு போகும் புகையிலையையும் நிறுத்த வேண்டும்.

கால்சியத்தை உடம்பு ஏற்க வைட்டமின் டி தேவை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத திருநெல்வேலியிலும் பலருக்கு அது குறைவாக இருக்கும். விடியற்காலை நடையில் டி கிடைக்காது, கண்ணாடி ஜன்னல் வழியாக விழும் வெயிலிலும் கிடைக்காது. திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 முதல் பிற்பகல் 2 வரையிலான வெயிலில்தான் தோல் அதிகமாக டி தயாரிக்கிறது என்று கண்டார்கள். நான் துணி காயப்போடும் வேலையைப் பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எப்போது மருந்து வேண்டும்?

இடுப்போ முதுகெலும்போ ஏற்கெனவே முறிந்தவர்கள், ஸ்கேனில் மைனஸ் 2.5-ஐத் தாண்டியவர்கள், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் எல்லாம் டாக்டர் எழுதிய எலும்பு மருந்தை மறுக்கக் கூடாது. கேப்பைக்கூழும் கம்புப் பயிற்சியும் அந்த மருந்துக்குத் துணைதான், மாற்று இல்லை. மூட்டுவலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் தரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வலி மந்திரம் போட்டதுபோல் நின்றால் சந்தேகப்படுங்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குபவர்களும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் மருந்துச் சீட்டைக் காட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் அடுத்த ஸ்கேனில் முதுகெலும்பு எண் ஒரு நூல் ஏறியது, இடுப்பு அசையவில்லை. "இவ்வளவு செஞ்சும் அவ்வளவுதானா?" என்று மகள் கேட்டாள். வருஷத்துக்கு வருஷம் இறங்க வேண்டிய வயதில் அசையாமல் நிற்பதே லாபம்.

அறுபதில் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற எலும்பைப் பன்னிரண்டு வயதில் விளையாடியே சேர்த்துவிடலாம். பெண் பிள்ளைகள் சடசடவென்று வளரும் இரண்டு வருஷத்துக்குள் மட்டும், பெரியவளானபின் இருக்கப்போகும் எலும்பில் கால்வாசி சேர்ந்துவிடுகிறது. முப்பது வயதோடு சேமிப்பு நின்றுவிடும். சரியாக அந்த வளரும் பருவத்தில்தான் "பெரிய மனுஷியாயிட்ட, இனி என்ன குதியாட்டம்?" என்று வீடு தடுக்கிறது. பள்ளிக்கூடத்திலோ பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து, "மிஸ், இன்னைக்கு உங்க பீரியடை எனக்குக் கொடுங்களேன்" என்பார். கொடுத்த பீரியட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க்கைக் கேட்ட கையோடு, என் மகள் இந்த வாரம் எத்தனை பி.டி. பீரியட் விளையாடினாள் என்றும் கேளுங்கள்.