மூன்று நிமிடத் தோடி

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் வாசிப்பார். அவர் 1898இல் பிறந்த திருமருகல் காரைக்காலுக்குப் பக்கத்து ஊர்தான். சாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தை நேரில் கேட்டே பழகிய காதுகள் இந்தப் பக்கம் ஏராளம். அப்படி விரித்து வாசித்தவரை இசைத்தட்டில் பதியவைத்தபோது, 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது 3 நிமிடம் சொச்சம். அதற்குள் ஆலாபனையின் சாரத்தைப் பிழிந்து தரவேண்டும். தந்தார்.

இன்று காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீசுவரர் சந்நிதித் தெருவில் நின்றபடி கைபேசியிலேயே அந்தத் தோடியைக் கேட்டுவிடலாம். அப்படியிருக்க, பழைய தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதில் என்ன லாபம்? கேள்வி நியாயமானது. பதில் சொல்லத் தட்டுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்கவேண்டும்.

தட்டில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். ஓரத்தில் தொடங்கிச் சுருளாக உள்ளே போகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் 3 நிமிடத்துக்கு 234 சுற்று; பிரித்து நீட்டினால் 120 மீட்டருக்கு மேல் வரும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு நேராக ஓடாமல் பக்கவாட்டில் நெளிவது தெரியும். ஒலி என்பது அந்த நெளிவுதான். விநாடிக்கு 1,000 அதிர்வு கொண்ட ஒரு ஸ்வரம் தட்டின் ஓரத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு நெளிவாகக் கிடக்கும். நாகஸ்வரம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும்போது நெளிவுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே போகும். ராகத்தின் கமகம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஆனால் மையத்தை நெருங்க நெருங்க வட்டம் சின்னதாகிறது. அதே ஸ்வரத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இடமில்லை. நுட்பமான உச்ச ஒலிகளை ஊசியால் பின்தொடர முடியாமல், பாட்டின் முடிவு மங்கிப்போகும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த வினைல் எல்.பி.யில் பள்ளம் மெலிந்தது, இரைச்சல் குறைந்தது, ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. மையத்தில் மங்கும் குறை மட்டும் போகவில்லை.

டிஜிட்டலில் அந்தக் குறையே கிடையாது. சி.டி. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்று. அளவுகளுக்கு நடுவே இசை தொலைந்துபோகும், படிக்கட்டுபோல் வெட்டுப்படும் என்று வினைல் பிரியர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. உச்ச அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் மூல அலையை வழவழப்பாக அப்படியே திரும்ப வரையலாம் என்பது நிரூபிக்கப்பட்ட கணிதம். மனிதக் காது கேட்பதோ அதிகபட்சம் 20,000 அதிர்வுவரை. ஆக, ஒலித் தரத்துக்காக மட்டும் இன்றைய பாட்டை வினைலில் வாங்க வேண்டியதில்லை. 1980களில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டு, பிற்கால மறுபதிப்பைவிட இனிமையாகக் கேட்கலாம். மறுபதிப்பில் எல்லாவற்றையும் ஒரே உரப்பாக ஏற்றிவிடுவதால் வரும் வித்தியாசம் அது. குற்றம் டிஜிட்டலுடையது அல்ல, அதைக் கையாண்டவருடையது.

78 சுற்றுத் தட்டின் கதை வேறு. நாடக மேடையை ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் மறைந்தார். பேசும்படத்தில் அவர் நடித்ததில்லை. அவர் குரலுக்கு இன்று தட்டுதான் மூலம். நாம் இணையத்தில் கேட்பது எங்கோ ஒருவர் ஒரு தட்டை ஓட்டி எடுத்த நகல். அவர் எந்த வேகத்தில் ஓட்டினார்? 78 என்று பேர்தானே தவிர, அக்காலப் பதிவுகள் பல அதற்கு மேலும் கீழுமாக இருந்தன. 78இல் பதிந்ததை 80இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட கால் கட்டை ஏறிவிடும். உச்ச ஸ்தாயிக்குப் பேர்போன ஒரு பாடகரின் விஷயத்தில் கால் கட்டை சாதாரணமா? இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் அலசும்போது, இரைச்சலோடு சேர்ந்து மெய்யெழுத்துகளின் கூர்மையும் போய்விடுகிறது.

நகலில் போனது போனதுதான். தட்டு இருந்தால் மறுபடி எடுக்கலாம். பழைய எஃகு ஊசி பள்ளத்தின் சுவரை ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். வேறு பருமனுள்ள ஊசியைப் போட்டால், தேயாத பகுதியிலிருந்து தெளிவான ஒலி எழும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இன்னும் ஒரு படி போய்விட்டார்கள்: பள்ளத்தைத் தொடாமலே நுண்படம் எடுத்து, நெளிவைக் கணினியால் அளந்து பாட்டை மீட்கிறார்கள். உடைந்த தட்டும் பாடும். பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்துவைத்த சென்னை வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்களின் உழைப்பு அதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

காரைக்காலின் உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் தட்டுக்கு ஆகாது. காகித உறை ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். பள்ளத்துக்குள் பூஞ்சை பூக்கும். அதைத் துடைக்க ஸ்பிரிட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 78 சுற்றுத் தட்டு அரக்கும் கல்பொடியும் சேர்த்து அழுத்தியது. மரத்தில் பூச்சி சுரக்கும் அந்த அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பூஞ்சையோடு பாட்டும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால், லேபிளில் ஈரம் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்திவையுங்கள்.

பரணில் தாத்தா காலத்துத் தட்டு ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். லேபிளைப் படமெடுத்து, தெரிந்தவரிடம் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுத்த பிறகும் தட்டைத் தூக்கி எறியாதீர்கள்.