நகர முதல்வரும் தோட்டத்து வாக்காளரும்

நுவரெலியா மாநகர சபைக்கு முதல்வராக வருபவர் யார் என்பது தேர்தல்தோறும் மலையகத்தில் ஆவலோடு பேசப்படும் செய்தி. ஆயினும் அத்தெரிவில், நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் தொழிலாளருட் பெரும்பாலோருக்குப் பங்கில்லை. அவர்தம் வாக்கு பிரதேச சபைக்கு உரியது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய மூன்றும் உள்ளூராட்சி என்னும் ஒரே பெயரால் வழங்கினும், லயத்து வாசலில் நின்று நோக்குவோர்க்கு அவை ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டின் வேர் ஆழமானது. 1930களின் இறுதியில் கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது, தோட்டங்களில் வதியும் தொழிலாளர் அதற்குப் புறம்பாக வைக்கப்பட்டனர். தோட்டத்துப் பாதையும் நீரும் துரைமாரின் பொறுப்பென்பதே அக்காலக் கொள்கை. பின்னர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும், 1947 இல் இலங்கை இந்தியர் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் வாக்கையே பறித்தன. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களை எண்ணிப் பங்கிடும் இக்கணக்கிலே அவர்கள் வாழ்ந்த ஊரின் ஆட்சி பற்றிய வினா எழவேயில்லை. நாடற்றோர் பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே பெரிதும் தீர்ந்தது.

வாக்குக் கிடைத்தது, சபை கிடைத்ததா? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை இங்கு நோக்குதல் வேண்டும். பயிர்நிலத்தின் மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக நின்றது. தோட்டம் தனியார் இடம், கிராமமன்று என்பது வாதம். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அத்தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தமையை நினைக்கும்போது இவ்வாதம் விந்தையாகவே தோன்றுகின்றது. தோட்டத்து வாக்கால் உறுப்பினரானவர் தம் லயத்துக் குடிநீர்க் குழாய்க்குச் சபைப் பணத்தைக் கேட்கவியலாத நிலை முப்பது ஆண்டு நீடித்தது. 2018 இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது.

எல்லைகளும் அதேபோற் பிந்தியே மாறின. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர்; அவ்விரண்டுக்கும் இருந்த பிரதேச சபைகளோ இரண்டே. 2018 தேர்தலுக்கு முன்னர் அவை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என ஆறாக்கப்பட்டன. ஹட்டன் - டிக்கோயா, தலவாக்கலை - லிந்துலை நகர சபைகளையும் சேர்த்து, மாவட்டத்தின் மன்றங்கள் பன்னிரண்டாயின.

முதல்வர் தெரிவுக்கு மீள்வோம். 2018 தேர்தல் முதல் உறுப்பினரில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். நான்கிலொரு பங்கு பெண்களுக்குரியது. கொழுந்து பறிப்போர் பெண்களாயுள்ள மலையகத்தில் இவ்விதி சிறிதன்று. ஒரு கட்சி அறுதிப் பெரும்பான்மை பெறின் அதன் செயலாளரே முதல்வரையோ தவிசாளரையோ பெயர் குறிப்பிடுவார். பெறாவிடின் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதற் கூட்டத்தில் உறுப்பினர் வாக்களிப்பர். வாக்கு வெளிப்படையாகவா இரகசியமாகவா என்பதையும் அவர்களே தீர்மானிப்பர், சமநிலையாயின் திருவுளச்சீட்டு. ஆகவே மக்கள் வட்டாரத்தில் இட்ட வாக்கு தலைமையாக மாறுவது மண்டபத்துக்குள் நிகழும் பேரத்தின் வழியே. பெரும்பான்மையற்ற சபைகளில், தோட்டத்து வாக்கால் வந்த ஓரிரு உறுப்பினர் தலைமையையே நிர்ணயிக்க நேரலாம். அவ்வேளையில் அவர்கள் கேட்பது பதவியா, லயத்துக்குப் பாதையா என்பது வாக்காளர் முன்கூட்டியே கேட்கவேண்டிய கேள்வி.

கேட்பதற்குரிய காலமும் இடையிலே பறிபோயிற்று. 2018 இல் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9 ஆந் திகதி நடைபெறவிருந்த தேர்தல் நடத்தப்படவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 வரை ஈராண்டுக்கு மேலாக மன்றங்களை அலுவலரே நடத்தினர். 33 ஆம் பிரிவு திருத்தப்பட்டபின் தோட்டங்களுக்குக் கிடைத்த முதற் சபைக் காலம், ஐந்தாண்டு தானும் நிறைவுறாமல் முடிந்தவாறு இது.