கடைமடைக்கு வந்த ஆங்கிலம்

இருபத்தேழாயிரம் வாத்தியார்களுக்கு, ஆங்கிலத்தை ஆரம்பக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கற்றுத்தர வேண்டும். 1959இல் அன்றைய சென்னை மாநிலம் துணிந்து கையிலெடுத்த வேலை இது. அப்போது எங்கள் ஊர் கொடுமுடி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஈரோடு தனி மாவட்டமாகப் பிரிய இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. முதலமைச்சர் காமராசர். கல்வியைப் பார்த்துக்கொண்டவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, மதியம் சோறும் போட்டாயிற்று. ஆங்கிலம் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றால், வாத்தியாரே இல்லை என்றல்ல; இருந்தவர்கள் ஆங்கிலத்துக்கென்று தயாரானவர்கள் இல்லை. எட்டாவது முடித்துப் பயிற்சி பெற்றவர்கள் சிலர், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பெற்றவர்கள் சிலர். ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளில் தக்ளியில் நூல் நூற்கவும், தோட்டம் போடவும், வகுப்பைக் கட்டி மேய்க்கவும் கற்றுக்கொண்டவர்கள். தமிழும் கணக்கும் அவர்களுக்குக் கைவந்த கலை. ஆங்கிலம், தாங்கள் பரீட்சைக்குப் படித்த அளவு.

பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு நடந்த அந்த இயக்கத்துக்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே பெயர் வந்தது. 1962இல் டி. ஏ. ஸ்மித் என்பவர் அந்தத் தலைப்பில் ஓர் ஆங்கிலக் கல்வி இதழில் கட்டுரையே எழுதினார். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. பந்து உருள உருளப் பெருக வேண்டும். பங்குனி வெயிலில் காவிரி மணலில் கால் வைக்க முடியாத ஊருக்குப் பனிப்பந்து! பெயர் வைத்தவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

பெயரைக் கேலி செய்யலாம். செய்த வேலை லேசானதல்ல. அவர்கள் கொண்டுவந்த முறைக்கு 'ஸ்ட்ரக்சரல்' முறை என்று பெயர். ஆங்கிலத்தின் அடிப்படை வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்தி, ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே அடுத்தது. "திஸ் இஸ் எ புக்" என்று கையில் உள்ளதைக் காட்டிச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருப்பதைக் காட்டி "தட் இஸ் எ ட்ரீ". கதவருகே போய்த் திறந்துகொண்டே "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்". முதலில் வகுப்பு முழுக்கச் சொல்லும், பிறகு வரிசை வரிசையாக, கடைசியில் ஒவ்வொருவராக. காதில் விழுந்து வாயில் வந்த பிறகுதான் புத்தகம். அதுவரை எழுத்துக் கிடையாது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வாத்தியாரின் ஆங்கிலம் எவ்வளவு என்பதை அது ஒளிக்கவில்லை. "உமக்கு ஷேக்ஸ்பியர் தெரிய வேண்டாம், இந்த ஐம்பது வாக்கியம் பிசகாமல் வந்தால் போதும், அதை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம்" என்றது. அரைகுறை ஆங்கிலத்தோடு வகுப்பில் நடுங்கி நின்றவருக்கு அது ஊன்றுகோல். பிடிக்காததும் உண்டு. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற பேனாவைக் காட்டி "இது ஒரு பேனா" என்று நாற்பது பேர் ஒரே குரலில் கத்துவதற்குப் பெயர் பேச்சு ஆகாது. எந்த ஊரிலும் யாரும் அப்படிப் பேசிக்கொள்வதில்லை.

பிறகு பந்து கரைந்தது. பயிற்சி முடித்துத் திரும்பியவர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டு உற்சாகம். அப்புறம் பழையபடி கரும்பலகை. என் வயதுக்காரர்கள் மூன்றாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டியைப் பார்த்தோம். கதவைத் திறந்துகொண்டே ஆங்கிலம் பேசிய வாத்தியாரை நாங்கள் பார்க்கவில்லை. நாலு கோடு நோட்டும், ஸ்பெல்லிங்கும், தப்பினால் பிரம்பும்தான்.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1986 கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. ஈரோட்டுக்கு உரியது பெருந்துறையில் இருக்கிறது. இரண்டாயிரங்களில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ப்ளஸ் டூ முடித்த பெண்ணை டீச்சர் டிரெயினிங் சேர்த்தால் கவர்ன்மென்ட் வேலை நிச்சயம் என்று கொங்கு நாட்டுக் குடும்பங்கள் தோட்டத்து வருமானத்தைக் கொண்டுபோய்க் கட்டின. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது, நியமனம் அருகியது, நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. கட்டடங்களில் சில வேறு கல்லூரிகளாகிவிட்டன.

இந்தக் காலத்தில்தான் ஆங்கிலம் கீழே கீழே இறங்கி வந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு. 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள். 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு முன்னால் நிற்கப் போகிறவர் பெற்றிருந்த பயிற்சியோ, ஒன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளுக்கானது. பாடம் இறங்கிய வேகத்தில் பயிற்சி இறங்கவில்லை.

இன்றைய வகுப்பறை வேறு மாதிரி. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தமிழ், கணக்கோடு ஆங்கிலமும் சேர்த்தி. குழந்தைகள் அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர். பயிற்சிக்குப் போன ஆசிரியர்கள் முகமூடி மாட்டி, வால் கட்டி, பாட்டுப் பாடி ஆடுகிறார்கள். ஊரில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அது தப்பாகப் படவில்லை; ஆடத் தெரியாதவர் ஐந்து வயதுக் குழந்தையின் வகுப்புக்குப் போகவே கூடாது.

எழுத்தின் பெயருக்கு முன் ஒலியைச் சொல்லித்தருவது இன்றைய வழக்கம். சீ, ஏ, டீ என்று நூறு தடவை ஒப்பித்தாலும் அதிலிருந்து 'கேட்' வராது. க், ஏ, ட் என்று ஒலிகளைக் கூட்டினால் வந்துவிடும். கேட்க எளிது. பயிற்சி மாணவி ஒருத்தி இதை நடத்தும்போது கவனியுங்கள். அட்டையைக் காட்டி "கு" என்பாள், அடுத்தது "ஏ", கடைசியில் "ட்டு". மூன்றையும் கூட்டிய குழந்தை "குஏட்டு" என்னும். குழந்தை மேல் தப்பில்லை, அவள் சொன்னதைத்தான் கூட்டியது. ஒற்றில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டுவது நம் நாக்கின் பழக்கம். பால் நமக்குப் பாலு, பஸ் நமக்குப் பஸ்ஸு.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. புள்ளி வைத்த மெய்யெழுத்து என்பது உயிர் ஒட்டாத சுத்தமான ஒலி அல்லவா? க் கூட்டல் ஆ, கா என்று அதே குழந்தை அதே காலையில் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறது. "மிஸ், இது நம்ம 'க்'குதானுங் மிஸ்?" என்று ஒரு பொடிசு கேட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. நமக்குப் ப ஒன்றுதான், ஆங்கிலத்துக்கு P, B என இரண்டு. ஆனால் பல்லுக்கும் பஸ்ஸுக்கும் முதல் ஒலி வேறு என்பது கொடுமுடிக் குழந்தையின் வாய்க்கு ஏற்கெனவே தெரியும். எழுத்துத்தான் இரண்டு என்று சொன்னால் போதும். தமிழ் இலக்கணம் தெரிந்த ஆசிரியரிடம் இவ்வளவு முதல் இருக்க, வெளியூர்க் கையேட்டைத் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அப்படியே கொட்டுவது என்ன நியாயம்?

பயிற்சி வருகிற வழியும் மாறவில்லை. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம், அப்புறம் ஆசிரியர். அறுபது ஆண்டுக்கு முந்தைய அதே பந்து. காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் புறப்பட்டு எங்கள் பக்கம் ஆவுடையார்பாறையில் முடிகிறது. மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கடைமடைக்கு என்ன வரும் என்று கொடுமுடிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே ஓர் ஒலியைத் துல்லியமாகச் சொன்னவரின் சொல், நாலு வாய் மாறி வரும்போது உகரம் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

இதைவிடப் பெரிய குறை, பயிற்சி மாணவியின் சொந்த ஆங்கிலம். இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளைப் படிக்கிறாள். முறைகளின் பெயர், நிறை, குறை எல்லாம் நோட்ஸில் இருக்கும், மனப்பாடம் செய்து எழுதிவிடுவாள். தகுதித் தேர்வு முதல் தாளில் 150 கேள்வியில் 30 ஆங்கிலம். அதுவும் வட்டத்தை நிரப்பும் தேர்வு. ஒரு முறையாவது அவள் வாய் திறந்து ஆங்கிலத்தில் ஒரு கதை சொன்னாளா என்று கேட்பார் இல்லை. 1959 பயிற்சி, வாத்தியாருக்கு ஆங்கிலம் வராது என்று தெரிந்துகொண்டு ஆரம்பித்தது. இன்றைய பயிற்சி, வரும் என்று பாவித்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. வகுப்புக்குப் போனபின் மிச்ச நேரத்தைச் செயலியில் மதிப்பீடு ஏற்றுவது பிடுங்கிக்கொள்கிறது.

காலை எட்டு மணிக்கு ஊஞ்சலூர்ச் சாலையில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வரிசையாகப் போகின்றன. அரசுப் பள்ளியைத் தாண்டித்தான் போகின்றன. ஆங்கிலம் வரும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் கட்டும் பணத்தில் ஓடும் வேன்கள் அவை. அந்தப் பள்ளிகள் பலவற்றில் மழலையர் வகுப்பு எடுப்பவர் ஏதோ ஒரு பட்டம் பெற்றவர். குழந்தைக்கு மொழி கற்பிக்கும் பயிற்சி அவருக்கும் கிடையாது. டை கட்டிய குழந்தையும் "கு, ஏ, ட்டு" என்றுதான் படிக்கிறது.

ஆகவே பயிற்சி நிறுவனங்களில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாணவர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது; அதையே வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். தினம் ஒரு மணி நேரம், பரீட்சை இல்லாமல், மார்க் இல்லாமல், அவர்களை ஆங்கிலத்தில் கதை சொல்லவும் பாடவும் ஒருவரையொருவர் திருத்தவும் விடுங்கள். மெய்யெழுத்தில் தொடங்குங்கள். கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பாமல், வகுப்பின் கடைசி பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேளுங்கள்.