கொம்பை இடம் மாற்றும் ஒற்றை வரி

ெகங்குவார்பட்டி. பழைய கோப்புகளில் எங்கள் ஊர் பெரும்பாலும் இப்படித்தான் கிடக்கும், கொம்பு முன்னால் அநாதையாகத் தொங்கிக்கொண்டு. கொடைக்கானல் மலையடிவாரத்தில் உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனிகளுக்கு நிரல் எழுதுகிறவன் நான். அந்தக் கொம்பு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கையால் எழுதும்போது கொம்பைப் போட்டுவிட்டுத்தானே 'க' போடுகிறோம்? பழைய எழுத்துருக்களும் அதே வரிசையில் சேமித்தன. யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும்போது மட்டும் அது முன்னால் வந்து நிற்கும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்புகளை அரைகுறையாக மாற்றினால் கொம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், கல்லூரிக்காக வலைப்பக்கம் செய்கிறவன், தேனி மாவட்ட ஊர்ப்பட்டியலோடு வந்தான். ெதன்கைர, ேகாம்ைப, ெபரியகுளம், ேதவதானப்பட்டி என்று நீண்டது.

"ஒவ்வொண்ணா திருத்திக்கிட்டு இருக்கேண்ணே. விடிஞ்சிரும் போல."

"திருத்தாத தம்பி. தேடுற பெட்டியத் தொற."

அவனிடம் இருந்தது விஷுவல் ஸ்டுடியோ கோடு, 2015இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இலவச எடிட்டர். கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். அதில் புள்ளியும் நட்சத்திரமும் போட்ட சின்னப் பொத்தானை அமுக்கினால், குறிப்பிட்ட சொல்லை அல்ல, எழுத்துகளின் அமைப்பையே தேடலாம். நிரலாளர்கள் ரெஜெக்ஸ் என்பார்கள். 1950களில் ஸ்டீபன் கிளீனி கணிதமாக வகுத்ததை 1960களில் எடிட்டருக்குள் கொண்டுவந்தவர் கென் தாம்ப்சன்.

தேட வேண்டியது:
([ெேை])([க-ஹ])

மாற்றாக:
$2$1

முதல் அடைப்புக்குள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக் கொம்பு மூன்றில் ஒன்று. இரண்டாவதில் க முதல் ஹ வரை எதுவும். கீழ்வரி, இரண்டாவதை முன்னால் போடு, முதலாவதைப் பின்னால் தள்ளு என்கிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. இதை ஒரு முறைதான் ஓட்டலாம். சரியாக இருக்கும் கோப்பில் ஓட்டினால் நல்ல கொம்பெல்லாம் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும். எந்தெந்த இடம் மாறப்போகிறது என்று எடிட்டர் நிறம் போட்டுக் காட்டுவதைப் பார்த்த பிறகே பொத்தானில் கை வைக்க வேண்டும். இன்னொன்று: கோம்பையில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே மிஞ்சும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நிரலுக்கோ அது வேறு சொல். ஆகவே அந்த இரண்டையும் தேடி, 'ோ' என்ற ஒற்றைக் குறியாக மாற்ற இன்னொரு தடவை ஓட்டினோம். 'ொ'வுக்கும் அதே வைத்தியம்.

பிறகு ஒவ்வொரு பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டியிருந்தது. பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஷிப்ட், ஐ அழுத்தச் சொன்னேன். வரிக்கொரு கர்சர், எல்லா வரியின் கடைசியிலும். ஒரு தடவை தட்டியது அத்தனை வரியிலும் விழுந்தது. ஹோம் விசையைத் தட்டியதும் எல்லாம் வரியின் தொடக்கத்துக்கு ஓடின. "அட!" என்றான்.

"ஏஐகிட்ட குடுத்திருக்கலாம்லண்ணே?"

குடுக்கலாம். ஆனால் நீளமான பட்டியலில் அது ஜெயமங்கலத்தை விட்டுவிட்டாலோ மேல்மங்கலத்தை இரண்டு தடவை போட்டாலோ யார் எண்ணிப் பார்ப்பது? ரெஜெக்ஸுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. சொன்ன இரண்டு எழுத்தைத் தவிர வேறெதையும் தொடாது. 'க்ஷே' வரும் பெயர்களில் மட்டும் கொம்பை 'க'வோடு ஒட்டிவிட்டுப் போய்விடும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.