திறவாப் பெட்டி

சென்ற யூலை மாதம் புனித யாகப்பர் திருவிழாவை ஒட்டி, டென்மார்க்கிலிருந்து அன்பர் ஒருவர் குருநகரிலுள்ள தம் தமக்கையார் இல்லத்துக்கு வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருவோர் வழக்கமாகக் கொண்டுவரும் பொருள்களோடு ஒரு மட்டைப் பெட்டியும் வந்தது. மீன் ஏற்றும் பெட்டியிற் பாதியளவு இருக்கும். மேற்புறத்தே பாய் விரித்த கப்பல் ஒன்றின் வண்ணப்படம். அவ்வீட்டுச் சிறுவனுக்குப் பத்து வயது. தந்தை கடலுக்குச் செல்பவர். கப்பலைக் கண்டமாத்திரத்தே அவன் உள்ளே ஓடிக் கத்தரிக்கோலோடு திரும்பினான். மாமனோ பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உடைக்காதை, மருமோன்! உடைச்சால் அது விளையாட்டுச் சாமான். உடையாமல் வைச்சால் காசு."

அயலவன் என்ற உரிமையில் அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்த நான், முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்திற் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். எத்தனையோ வட்டிக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். விளையாட்டுப் பொருள் விளையாடப்படாதிருந்தால் முதலாகும் என்ற இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் புதிது. அன்றிரவு திண்ணையில் அவரிடம் கேட்டறிந்ததும், பின்னர் நானாகத் தேடிப் படித்ததுமே இக்கட்டுரை.

பெட்டிக்குள் இருப்பவை 'லெகோ' எனப்படும் சிறு பிளாஸ்ரிக் கட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றை அழுத்திப் பொருத்தி வீடும் கப்பலும் கோட்டையும் கட்டலாம். இவை பிறந்த இடம் டென்மார்க்கிலே யூட்லாந்துத் தீபகற்பத்திலுள்ள பில்லுண்ட் என்னுஞ் சிற்றூர். ஒலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர், உலகப் பொருளாதார மந்தத்தால் வீடு கட்டும் வேலை அற்றுப்போகவே, 1932இல் மரத்தினால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 'நன்றாய் விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கியே தொழிலுக்குப் பெயரிட்டார். இன்றைய கட்டியின் அமைப்புக்கு அவர் மகன் காப்புரிமை கோரியது 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் தேதி. அவ்வாண்டுக் கட்டியொன்று கையிலிருந்தால், நேற்று வார்த்த கட்டியோடு அது பிசகின்றிப் பொருந்தும்.

இதே யூட்லாந்திலேதான் 1980களின் நடுப்பகுதி தொடக்கம் அகதிகளாய்ச் சென்ற நம்மவரிற் பலர் குடியேறினர். அங்கே பிறாண்ட என்னும் ஊரில் அபிராமி அம்மனுக்குக் கோயிலுண்டு. அங்கிருந்து பில்லுண்ட் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். ஆதலால் நம் அன்பருக்கு இப்பெட்டிகளின் வாணிபம் அயலூர்ச் செய்தி.

வாணிபம் நடைபெறும் முறை இது. ஒவ்வொரு வகைப் பெட்டியையும் ஆலை சில ஆண்டுகளே வெளியிடும்; பிறகு நிறுத்திவிடும். கடைகளில் இருப்புத் தீர்ந்தபின், வாங்கத் தவறியவர்கள் திறவாத பெட்டியைத் தேடி அலைவார்கள். அதை முன்னரே வாங்கி அலுமாரியில் வைத்திருப்பவர் அப்போது விலை சொல்லுவார். இது வெறும் ஊர்ப்பேச்சன்று. மொஸ்கோவிலுள்ள உயர் பொருளியற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், 1987 முதல் 2015 வரையுள்ள 2,322 வகைப் பெட்டிகளின் விலைகளை ஆராய்ந்து, சராசரி ஆண்டு ஆதாயம் நூற்றுக்குப் பதினொன்றுக்குக் குறையாது என்று கண்டனர். ஆலை நிறுத்தி இரண்டு மூன்று ஆண்டுகள் சென்ற பிறகே விலை ஏறத் தொடங்குமாம்.

"பாத்தியளே, மாஸ்ரர்! வங்கியிலை கிடந்த காசு 2022இலை என்ன பாடுபட்டது?" என்றார் அன்பர்.

அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஓய்வூதியத்தில் வாழும் என்னைவிட அதனை நன்கறிந்தவர் இலர். பிறநாட்டு நாணயத்தில் விலைபோகும் பொருளொன்று வீட்டிலிருந்தால் அது காப்பாகும் என்ற அவர் வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் சராசரி என்பது ஏமாற்றுக்காரச் சொல். வகுப்பின் சராசரிப் புள்ளி அறுபது என்றால், அதற்குள்ளே பத்தெடுத்தவனும் இருக்கிறான். அதே ஆய்வில் ஓராண்டிலே பாதி விலையை இழந்த பெட்டிகளும் காணப்படுகின்றன. தாஜ்மகால் பெட்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 2008இல் 5,922 துண்டுகளோடு வெளிவந்து, பின் நிறுத்தப்பட்டு, திறவாத பெட்டியொன்று பன்மடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017இல் ஆலை அதனையே திரும்பவும் வெளியிட்டது. இம்முறை 5,923 துண்டுகள். ஒரேயொரு துண்டு கூடுதல்! புதிய தாஜ்மகால் கடையிற் கிடைக்கும்போது பழையதற்குப் பெருவிலை கொடுப்பார் யார்? உச்சவிலையில் வாங்கிப் பூட்டி வைத்தவர்கள் கையைப் பிசைந்தனர். பொன்னைச் சுரங்கத்திலிருந்து வருந்தித் தோண்ட வேண்டும். நிலத்தைப் புதிதாய்ச் செய்ய இயலாது. இதுவோ அச்சு இருக்கும்வரை வார்க்கக்கூடிய பொருள்.

விலை ஏறுவதன் காரணத்தை எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. திறவாத பெட்டி அருமையாவது ஏன்? மற்றவை திறக்கப்படுவதால். எங்கோ ஒரு குழந்தை பெட்டியைக் கிழிக்குந்தோறும், கிழியாத பெட்டியின் மதிப்பு ஒரு நெல்லளவு கூடுகிறது. நம் அன்பரின் ஆதாயம், உலகிலுள்ள ஏனைய மருமக்கள் யாவரும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும், தம் மருமகன் மட்டும் எடுக்கலாகாது என்பதில் தங்கியிருக்கிறது. எல்லா மாமன்மாரும் இவ்வாறே பூட்டி வைக்கத் துணிந்தால் பத்தாண்டு கழித்துச் சந்தையில் விற்போரே நிறைந்திருப்பர்.

குருநகரிலே அதை வைத்திருப்பது வேறொரு சங்கடம். பெட்டியின் மூலை நசுங்கினால் விலை குறையும். ஈரம் பட்டால் குறையும். இங்கோ உப்புக் காற்று இரும்பையே தின்கிறது. கார்த்திகை மழையில் புத்தக மட்டைகள் பூஞ்சணம் பூக்கும். கறையானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குவோரும் இவ்வூரிலர், ஐரோப்பாவுக்கே திரும்ப அனுப்ப வேண்டும். அஞ்சற் கட்டணத்தையும் தரகையும் கழித்தால் அந்தப் பதினொன்றில் எத்தனை மிஞ்சும்? இப்படியிருக்க அதை ஏன் இங்கே கொண்டுவந்தீர் என்று கேட்டேன். அவர் சற்று வெட்கத்தோடு சிரித்தார்.

"அங்கை என்ரை பிள்ளையள் விட்டு வைக்காதுகள், மாஸ்ரர். இவன் சொல்வழி கேப்பான். வித்து வாற காசும் இவன்ரை படிப்புக்குத்தானே."

கருத்து நல்லதே. ஆனால் சொல்வழி கேட்பவன் என்பதனாலே ஒரு பிள்ளைக்குக் காவல் வேலையும், கேளாத பிள்ளைகளுக்கு விளையாட்டும் கிடைப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதுவரை அடுக்களை வாயிலில் நின்ற தமக்கையார் குறுக்கிட்டார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி, யாழ்ப்பாணமே தென்மராட்சி நோக்கி நடந்த அந்நாளில், அவர் சிறுமி. காணி உறுதியையும் தாலிக்கொடியையுமே அவர் தாயாரால் எடுக்க முடிந்ததாம். தைத்து முடித்த வலை முதலாய் ஏனைய யாவும் வீட்டோடு போயின. "தூக்கிக்கொண்டு ஓட ஏலாத சாமானுக்கு நான் காவலிருக்க மாட்டன், தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். முதலீடு பற்றிய நூல்கள் இந்த இடர் ஒன்றைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. யாரும் கலைக்காத வீடு எல்லார்க்கும் உண்டென்று அவை கொள்ளுகின்றன.

வடபுல நாடுகளிலிருந்து நம் கரைக்கு வந்த முதல் முதலீடும் இதுவன்று. 1956இல் நோர்வேக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவராகிய அந்தோனி இராசேந்திரம் அந்நாட்டு மக்களிடம் திரட்டிய நிதியால் 1967இல் சீநோர் நிறுவனம் உருவாயிற்று. காரைநகரிற் படகுகளும் குருநகரில் வலைகளும் அதனால் ஆயின. வலை நீரில் இறங்கி, கிழிந்து, பொத்தப்பட்டு, மீண்டும் இறங்கித்தான் வருவாய் தந்தது.

நெய்தல் நிலத்தையும் விளையாட்டையும் பொன்னையும் ஒருங்கே நினைக்கும்போது பட்டினப்பாலை நினைவுக்கு வராமற் போகாது. உலர வைத்த உணவைக் கவரும் கோழியைத் துரத்த மகளிர் கழற்றி எறிந்த கனத்த குழை, சிறுவர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறதென்று பாடுகிறார் புலவர். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்தவர், பொன்னை விளையாட்டுக்கு இடைஞ்சலாக்கிக் காட்டினார்! நம் சிறுவர் குரும்பட்டியில் ஈர்க்குக் குத்திக் கட்டிய தேர்களும் அவ்வகையினவே. அவற்றை மறுவிலைக்கு விற்றவரில்லை, மாலைக்குள் வாடிவிடும்.

ஒரே நிறத்தவாய் எட்டெட்டுக் குமிழ்கள் கொண்ட ஆறு லெகோக் கட்டிகளை மட்டும் எத்தனை விதமாய்ப் பொருத்தலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணித்திருக்கிறார். விடை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765. கணக்காசிரியனாகிய எனக்கு அந்தப் பதினொரு விழுக்காட்டினும் இவ்வெண்ணே பெரிதாய்த் தோன்றியது. முதுமையின் குற்றமாக இருக்கலாம்.

அன்பர் திரும்பிச் சென்றுவிட்டார். தமக்கையார் பேசியது ஒன்று, செய்தது ஒன்று. தம்பியின் சொல்லைத் தட்ட மனமின்றிப் பெட்டியைப் பொலித்தீனிற் பொதிந்து, திரு இருதயப் படத்தின் கீழேயுள்ள அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார். கார்த்திகையில் ஒருநாள் நான் சென்றபோது சிறுவன் விறாந்தையில் அமர்ந்து முள்முருக்கந் தடியொன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ஈர்க்கினாற் பாய்மரம், பழைய சாரத் துண்டு பாய். கதிரையில் ஏறி நின்று பெட்டியின் படத்தைப் பார்த்து வரைந்த தாள் அருகே கிடந்தது. என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தான்.

"தாத்தா, கப்பலின்ரை வயித்துக்குள்ளை என்ன இருக்கும்? படத்திலை தெரியேல்லை."