மஞ்சள் ஆகாது!

2008 ஜூன் 26, வியன்னா. யூரோ கோப்பை அரையிறுதியில் ரஷ்யாவைச் சந்திக்கும் ஸ்பெயினுக்கு அன்று வழக்கமான சிவப்புச் சட்டை இல்லை. பொன்மஞ்சள் மாற்றுச் சட்டை. பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸுக்கோ மஞ்சள் ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன் உலகக் கோப்பைக்காக ஜெர்மனியில் போய் இறங்கியபோது, வரவேற்பில் நீட்டிய மஞ்சள் பூங்கொத்தையே வாங்க மறுத்த மனிதர் அவர். இப்போது சட்டையே மஞ்சள் என்றால்? அவர் சொன்ன பதில் சுலபமானது: அது மஞ்சள் இல்லை, மஸ்டர்டு. ஆட்டம் 3-0. மஸ்டர்டு ஜெயித்தது.

எழுபது வயதைத் தொட ஒரு மாதமே இருந்த ஒருவரின் பிடிவாதம் இது. சகுனம் பார்ப்பதைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் அரகோனெஸின் கால்பந்து வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால், இவர் சகுனம் பார்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்று தோன்றும்.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1938-இல், மாட்ரிட்டை ஒட்டிய ஓர்த்தலேசா கிராமத்தில் பிறந்தவர். இருபது வயதில் ரியல் மாட்ரிட் எடுத்துக்கொண்டது. ஆனால் முதல் அணியில் இடம் தராமல் வேறு கிளப்புகளுக்கு இரவல் கொடுத்தபடியே இருந்தது. ரியல் பெட்டிஸில் பெயர் வாங்கிவிட்டு, 1964-இல் மாட்ரிட் நகரின் மறுபாதியான அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு வந்தார். பத்து ஆண்டுகள், மூன்று லீக் பட்டங்கள். மன்சனாரெஸ் ஆற்றங்கரையில் அட்லெட்டிகோ புது மைதானம் கட்டி 1966-இல் திறந்தபோது அங்கே விழுந்த முதல் கோல் இவருடையது. கிளப்பின் வரலாற்றில் அதிக கோல் போட்டவர் என்ற இடத்தை இவரிடமிருந்து பறிக்க 2024 ஜனவரியில் கிரீஸ்மன் வர வேண்டியிருந்தது. பெரிய பாதம், இடி மாதிரி உதை. ‘சப்பத்தோனெஸ்’ என்று பட்டப்பெயர்; பெரிய பூட்ஸ்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெரிய பூட்ஸின் மிகச் சிறந்த உதை 1974 மே 15 அன்று விழுந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹேய்ஸல் மைதானம். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பயர்ன் மியூனிக். 90 நிமிடம் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் 114-ஆவது நிமிடம், பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். அரகோனெஸ் எடுத்தார். பந்து ஆட்களின் சுவரைத் தாண்டி வளைந்து வலைக்குள் போனது. அது போவதைக் கோல் கீப்பர் செப் மேயர் நின்று பார்த்தார். அவ்வளவுதான், கோப்பை கைக்கு வந்துவிட்டது.

வரவில்லை. 120-ஆவது நிமிடம், கோல் போடுவது தன் வேலையே இல்லாத தடுப்பாட்டக்காரர் ஷ்வார்சென்பெக், வேறு வழியின்றி வெகுதூரத்திலிருந்து ஒரு உதை விட்டார். அது உள்ளே போய்விட்டது. இறுதி ஆட்டத்துக்குப் பெனால்டி முறை இல்லாத காலம் என்பதால் இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். அதில் 4-0 என்று பயர்ன் நொறுக்கியது. அட்லெட்டிகோவுக்கு ‘எல் பூப்பாஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இதற்குப் பிறகுதான். பீடை பிடித்த அணி என்கிறோமே, அது.

அதே ஆண்டு, சில மாதங்களிலேயே, கிளப் அவரைப் பயிற்சியாளர் ஆக்கியது. நேற்று வரை தோளில் கைபோட்டு ஆடிய கூட்டாளிகளைப் பார்த்து அவர் முதலில் சொன்னது, இனிமேல் ‘நீ’ கிடையாது, ‘நீங்கள்’தான் என்பது. ஸ்பானிய மொழியிலும் அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. அவரும் கடைசிவரை ஆட்டக்காரர்களை ‘நீங்கள்’ என்றே அழைத்தார், திட்டும்போதுகூட. மரியாதையோடு திட்டு வாங்குவதில் வலி கூடுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஐரோப்பியச் சாம்பியனான பயர்ன் மறுத்ததால், தென் அமெரிக்கச் சாம்பியன் இண்டிபெண்டியெண்டேவுடன் மோதும் வாய்ப்பு அட்லெட்டிகோவுக்கு வந்தது. 1975-இல் அந்தக் கண்டங்களிடைக் கோப்பையை ஜெயித்துக் காட்டினார், 1977-இல் லீக்.

ஸ்பெயினில் மொத்தம் எட்டு கிளப்புகள், முதல் டிவிஷனில் மட்டும் 757 ஆட்டங்கள். அட்லெட்டிகோவுக்கே மீண்டும் மீண்டும் திரும்பினார்; ஒருமுறை இரண்டாம் டிவிஷனில் கிடந்த கிளப்பைத் தூக்கிவிடவும் வந்தார். 1988-இல் பார்சிலோனாவில் ஆட்டக்காரர்கள் ஓர் ஓட்டலில் கூடி, கிளப் தலைவர் நூன்யெஸ் பதவி விலக வேண்டும் என்று போர்க்கொடி தூக்கியபோது, சம்பளம் கொடுக்கும் முதலாளி பக்கம் நிற்காமல் ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்தவர். அந்த வேலை அதோடு போயிற்று.

மீண்டும் அட்லெட்டிகோ பயிற்சியாளராக அவர் சந்தித்த 1992 ஸ்பானியக் கோப்பை இறுதி ஆட்டம் இன்னும் சுவையானது. எதிரி ரியல் மாட்ரிட், அதுவும் அவர்களுடைய பெர்னபெயூ மைதானத்திலேயே. டிரெஸ்ஸிங் ரூமில் கரும்பலகையில் வியூகத்தை விளக்கினாராம். புரிந்ததா என்று கேட்டாராம். புரிந்தது என்றதும், இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது, இந்த மைதானத்தில் இவர்களிடம் தோற்றுத் தோற்று எனக்கு அலுத்துவிட்டது, அதுதான் விஷயம் என்று கத்தினாராம். ஷூஸ்டர் ஒன்று, ஃபுத்ரே ஒன்று. 2-0.

அந்த அட்லெட்டிகோ எதிரியை உள்ளே வரவிட்டு மின்னலாய்த் திருப்பித் தாக்கும் அணி. அரகோனெஸ் காலமெல்லாம் நம்பியது அந்த எதிர்த்தாக்குதலைத்தான். 2004-இல் தேசிய அணியைக் கையில் எடுத்தவர் அதை அப்படியே கைவிட்டார் என்பதுதான் இந்தக் கதையின் திருப்பம். உடல் பலத்தில் ஜெர்மானியர்களோடும் ஆங்கிலேயர்களோடும் போட்டி போட்டு ஸ்பெயினால் ஜெயிக்க முடியாது. ஆனால் சாவி, இனியெஸ்டா, டேவிட் சில்வா, ஃபாப்ரிகாஸ் என்று குள்ளமாய், பந்தை யாருக்கும் தராத பையன்கள் கிடக்கிறார்களே, எல்லோரையும் ஒன்றாக இறக்கினால் என்ன? இந்த ஆட்டமுறைக்கான புகழ் முழுவதும் பெரும்பாலும் குவார்டியோலாவுக்கே போகிறது. 2008 ஜூனில் குவார்டியோலா பார்சிலோனாவின் முதல் அணிக்கு ஓர் ஆட்டத்தில்கூடப் பயிற்சியாளராக உட்கார்ந்ததில்லை. கணக்கைச் சரியாக எழுத வேண்டுமல்லவா?

வழி சுகமாக இல்லை. 2006 செப்டம்பரில் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்திடம் 3-2 தோல்வி. அதன்பின், தேசிய அணிக்காக 102 ஆட்டமும் 44 கோலும் கண்ட ரவூலை அவர் அழைக்கவே இல்லை. நாடு கொதித்தது. ரவூல் எங்கே என்று கேட்ட ரசிகரிடம் திருப்பிக் கேட்டார்: ரவூல் எத்தனை உலகக் கோப்பைக்குப் போனார், மூன்று, எத்தனை யூரோவுக்கு, இரண்டு, எத்தனையை ஜெயித்தார்?

அதே நாக்கு அவரைத் தலைகுனியவும் வைத்தது. 2004-இல் பயிற்சியின்போது தன் அணியின் ரெய்யெஸை உசுப்பேற்றுவதாக நினைத்து, அவருடைய கிளப் கூட்டாளியான பிரெஞ்சு வீரர் தியரி ஆன்ரியை நிறவெறிச் சொல்லால் திட்டியது கேமராவில் பதிவானது. ஸ்பானியக் கால்பந்துச் சம்மேளனம் 3,000 யூரோ அபராதம் போட்டது. உற்சாகப்படுத்தவே அப்படிச் சொன்னேன் என்ற சமாதானம் எடுபடவில்லை; எடுபடவும் கூடாது.

2008 யூரோவில் காலிறுதி ஜூன் 22-இல் வந்தது. 1986, 1996, 2002 என்று மூன்று முறை, இதே தேதியில், காலிறுதியில், பெனால்டியில் வெளியேறிய நாடு ஸ்பெயின். இந்தத் தடவையும் இத்தாலியோடு பெனால்டி. காஸியாஸ் இரண்டைத் தடுத்தார். ஃபாப்ரிகாஸ் கடைசியை உள்ளே தள்ளினார். தேதி தோற்றது.

ஜூன் 29, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய பேச்சில் ஜெர்மனியின் கேப்டன் பலாக்கை ‘வாலஸ்’ ‘வாலஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார் கிழவர். பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள் என்பது அவர்களே பின்னால் சொன்ன கதை. நாற்பத்து நான்கு ஆண்டுகளாக ஒரு கோப்பையும் காணாத நாட்டின் பையன்கள், இறுதி ஆட்டத்துக்குச் சிரித்தபடி போனார்கள். 33-ஆவது நிமிடம் சாவி நீட்டிய பந்து. ஃபிலிப் லாம் ஒரு கணம் தயங்க, அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிய டோரஸ், பாய்ந்து வந்த கோல் கீப்பர் லேமனுக்கு மேலாகத் தட்டிவிட்டார். 1-0.

அந்த அணியின் மாற்றுக் கோல் கீப்பர்களில் ஒருவர் பெப்பே ரெய்னா. 1974-இல் ஷ்வார்சென்பெக்கின் உதையைத் தடுக்க முடியாமல் போன மிகேல் ரெய்னாவின் மகன்.

2014 பிப்ரவரி 1 அன்று, 75 வயதில், அரகோனெஸ் இறந்தார். நான்கு மாதத்துக்குள், மே 24 அன்று, லிஸ்பனில் அட்லெட்டிகோ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில். எதிரே ரியல் மாட்ரிட். 90 நிமிடம் முடிந்தபோது 1-0 முன்னிலை. சேர்த்துத் தந்த நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் ஒரு கார்னர் வந்தது. எம்பித் தலையால் முட்டி அதை வலைக்குள் அனுப்பியவர் செர்ஜியோ ராமோஸ். வியன்னா இறுதி ஆட்டத்தில் அரகோனெஸ் வலது ஓரத்தைக் காக்க நிறுத்திய அதே பையன்.